துப்பாக்கியும் மௌனமும்

அமெரிக்கச் சிறுகதை உலகுக்குக் கொடுத்த 'கலங்காத ஆண்' பெங்களூரைச் சுற்றியுள்ள காடுகளிலும் நடமாடியிருக்கிறான். இங்கே அவன் கொஞ்சம் வேறு மாதிரி.

1954 எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ஆண்டு. ஜனவரியில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் சிக்கிப் பிழைத்தார். இறந்தே போனார் என்று நம்பிப் பத்திரிகைகள் அச்சடித்த இரங்கல் செய்திகளை அவரே உட்கார்ந்து படித்தார். ஆண்டு முடிவதற்குள் நோபல் பரிசு வந்தது. காட்டெருமை, சுறா, காளை, போர் எது எதிரே வந்தாலும் முகம் மாறாத ஆண்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதியவருக்கு, அப்படிப்பட்ட ஓர் ஆணாகவே தோற்றமளிக்கும் வாய்ப்பும் கிடைத்தது.

அதே 1954ல் லண்டனின் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் ஒரு புதிய ஆசாமியின் புத்தகத்தை வெளியிட்டது. பெயர் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்'. ஒன்பது ஆட்கொல்லிகள், ஒரு முரட்டு யானை. எழுதியவர் பெங்களூர்க்காரர். ஆறு தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். தபால் தந்தித் துறையில் 15 ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு, பிற்பாடு எச்.ஏ.எல். ஆக மாறிய விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெயர் கென்னத் ஆண்டர்சன்.

இருவரும் சந்தித்ததில்லை. ஒருவர் உலக இலக்கியம். மற்றவரை இலக்கிய விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆனால் இருவரின் கதைகளிலும் நடுவில் நிற்பவன் ஒரே குலத்தைச் சேர்ந்தவன். கையில் துப்பாக்கி. வாயில் அதிகம் பேச்சில்லை. வலித்தால் முனகமாட்டான். பயந்தால் காட்டிக்கொள்ளமாட்டான். எடுத்த காரியத்தை முடிக்காமல் திரும்பமாட்டான். 'ஆம்பளை அழக்கூடாது' என்று நம் வீடுகளில் சிறுவர்களுக்குச் சொல்லப்படும் அரை வரி உபதேசத்தை அமெரிக்கர்கள் ஒரு முழு இலக்கியமாகவே ஆக்கியிருந்தார்கள். அந்த ஆள் பெங்களூருக்கு வந்தபோது என்ன ஆனான் என்பது தனிக் கதை.

பனியும் சிங்கமும்

இவனுடைய வம்சம் ஹெமிங்வேக்கும் முந்தையது. ஜாக் லண்டன் 1908ல் வெளியிட்ட 'டு பில்ட் எ ஃபயர்' கதையில் யூகான் பனிவெளியில் ஒருவன் தனியாக நடக்கிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. இந்தக் குளிரில் தனியே போகாதே என்று அனுபவசாலி கிழவர் சொன்னதை அலட்சியம் செய்துவிட்டுக் கிளம்பியவன். ஈரமான காலைக் காயவைக்க மரத்தடியில் நெருப்பு மூட்டுகிறான். கிளையிலிருந்து சரிந்த பனி அதை அணைத்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போய்த் தீக்குச்சியைப் பிடிக்க முடியாமல் மெல்ல மெல்லச் சாகிறான். கூட வந்த நாய் மட்டும் பிழைத்து, மனிதர்கள் இருக்கும் முகாமை நோக்கி ஓடுகிறது. மனிதனுக்கு உறைக்காதது நாய்க்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

ஹெமிங்வே இந்தத் தனி ஆளுக்கு ஒரு சட்டதிட்டத்தையே வகுத்தார். தெரிந்ததில் எட்டில் ஒரு பங்கை மட்டும் எழுது, மிச்சம் பனிப்பாறைபோல நீருக்கு அடியில் இருக்கட்டும் என்பது அவருடைய கொள்கை. 1932ல் காளைச் சண்டை பற்றிய புத்தகத்தில் இதை விளக்கினார். எழுத்துக்குச் சொன்னது ஆளுக்கும் பொருந்தியது. 1925ல் வந்த 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' கதையில் நிக் ஆடம்ஸ் ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கிறான், சமைக்கிறான், மீன் பிடிக்கிறான். அவ்வளவுதான் கதை. அவன் போரிலிருந்து உடைந்து திரும்பியவன் என்பது ஒரு வார்த்தையிலும் சொல்லப்படவில்லை. காபி போடுவதையும் தூண்டிலில் வெட்டுக்கிளி கோர்ப்பதையும் அத்தனை கவனமாகச் செய்கிறானே, அதிலிருந்து வாசகர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தை மீறுபவனுக்கு என்ன கதி என்பதை 1936ல் வெளியான 'தி ஷார்ட் ஹாப்பி லைஃப் ஆஃப் ஃபிரான்சிஸ் மெக்கோம்பர்' காட்டுகிறது. ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போன பணக்கார அமெரிக்கன், காயம்பட்ட சிங்கம் பாய்ந்ததும் எல்லோர் எதிரிலும் ஓடிவிடுகிறான். அன்றிரவு அவன் மனைவி தொழில்முறை வேட்டைக்காரன் வில்சனின் கூடாரத்துக்குப் போகிறாள். மறுநாள் காட்டெருமை வேட்டையில் மெக்கோம்பருக்குப் பயம் விட்டுப்போகிறது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவன் ஆணாகிறான். அடுத்த சில நிமிடங்களில் மனைவி சுட்ட குண்டு அவன் தலையில் பாய்கிறது. அவள் குறிவைத்தது எருமையையா, புருஷனையா என்று விமர்சகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதம் தேவைப்படாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கதையின் உலகத்தில் பயம்தான் மன்னிக்கவே முடியாத குற்றம்.

ஓசூர் ரோட்டில் ஒரு வேட்டைக்காரன்

1910ல் செகந்திராபாத் அருகே பொலாரத்தில் பிறந்த ஆண்டர்சன், பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். தமிழும் கன்னடமும் பேசுவார். கைக்குப் பழகியது .405 வின்செஸ்டர் ரைபிள். சவாரிக்கு ஸ்டூட்பேக்கர் கார்.

அவர் கதைகளின் வரைபடத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் தமிழ்நாடு. பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று காடு காவிரிவரை இறங்கிக்கொண்டே போகும். அந்நாளில் இவை பழைய சேலம் மாவட்டத்தின் வடக்கு மூலை. இன்று கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள். நீலகிரி அடிவாரத்துச் சீகூரும் அவர் கதைகளில் உண்டு. 1939க்கும் 1966க்கும் இடையில் அவர் சுட்ட ஆட்கொல்லிகளாக அரசுக் குறிப்புகளை வைத்துச் சொல்லப்படும் கணக்கு: எட்டுச் சிறுத்தைகள், ஏழு புலிகள்.

கதைகள் எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் ஊர், ஓடை, மலைச்சரிவு, காட்டு பங்களா. பிறகு பலிகள்: மாடு மேய்த்தவன், விறகு பொறுக்கப் போனவள், தபால் கொண்டுவந்தவன். பொழுது சாய்வதற்குள் கதவுகளைச் சாத்திக்கொள்ளும் கிராமம். அப்புறம் பெங்களூருக்கு வந்துசேரும் தகவல். ஹெமிங்வேயின் வேட்டைக்காரர்களுக்கு இல்லாத ஒரு கவலை இவருக்கு உண்டு: லீவு. அது முடிவதற்குள் புலி வந்தாக வேண்டும், வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்ப வேண்டியதுதான். சாகச நாயகன் மாதச் சம்பளக்காரனாகவும் இருப்பதை நம் வாசகர்கள் வெகு சுலபமாகப் புரிந்துகொண்டார்கள்.

இவை உண்மைச் சம்பவங்கள் என்றே ஆண்டர்சன் எழுதினார். எல்லாமே அப்படியே நடந்தவையா, சில இடங்களில் கைச்சரக்கு சேர்ந்ததா என்று ஐயப்படுபவர்களும் உண்டு. ஐயம் நியாயமானதுதான். உரையாடல், திருப்பம், கடைசிவரை இழுத்துப்பிடிக்கும் மர்மம் எல்லாம் சிறுகதைக்காரனின் கருவிகள். ஆனால் அவர் எதைச் சேர்த்திருந்தாலும் ஒன்றைக் கழிக்கவில்லை. அது பயம். இருட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்த்துக் கொட்டுவதையும், கிளம்பி ஓடிவிடலாமா என்று தோன்றுவதையும் அவர் மறைப்பதில்லை.

வெற்றியிலும் இதே கதைதான். முதல் புத்தகத்தில் உள்ள ஜவளகிரிப் பெண்புலி தன் ஆணைப் பறிகொடுத்து, காயம்பட்டு, மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது. கடைசியில் ஆண்டர்சன் ஓர் ஆண்புலியைப்போலக் குரல் கொடுத்து அதை வரவழைக்கிறார். துணையைத் தேடி ஓடிவந்த புலி குண்டுக்கு இரையாகிறது. ஊர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் சுட்டவருக்கு உறுத்துகிறது. ஏமாற்றித்தானே கொன்றோம், இது நேர்மையான வேட்டை இல்லையே என்ற குற்ற உணர்வோடு கதை முடிகிறது. வில்சன் போன்ற ஆள் மனதுக்குள் இப்படி நினைத்தாலும் வாய்விட்டுச் சொல்லமாட்டான்.

பக்கத்தில் நின்றவர்கள்

ஹெமிங்வேயின் ஆப்பிரிக்காவில் துப்பாக்கி தூக்கும் கறுப்பர்கள் பெரும்பாலும் நிழல்கள். அபராதம் போடுவதற்குப் பதிலாக அவர்களைச் சவுக்கால் அடிப்பதைப் பற்றி வில்சன் சாவகாசமாகப் பேசுகிறான். அவர்களே அதைத்தான் விரும்புகிறார்களாம். ஒற்றை ஆணின் வீரம் பளிச்சென்று தெரியவேண்டுமானால் கூட நிற்பவர்கள் மங்கலாக இருந்தாக வேண்டும்.

ஆண்டர்சனும் வெள்ளைத்தோல் துரைதான். காட்டு மக்களைப் பற்றி அவர் எழுதியதில் அந்தக் காலத்துத் துரைத்தனமான வரிகள் இன்று நெருடும். ஆனாலும் அவர் காட்டில் மனிதர்களுக்குப் பெயர் உண்டு. பென்னாகரத்து ரங்கா திரும்பத் திரும்ப வருகிறார். பூசாரி குலத்தைச் சேர்ந்த பைராவுக்கு முதல் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சின்னாற்றங்கரைக் குழியில் நாட்டுத் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த கள்ள வேட்டைக்காரனாகத்தான் பைரா அறிமுகமாகிறார். சட்டப்படி பிடித்துக் கொடுத்திருக்க வேண்டியவரை ஆண்டர்சன் நண்பராக்கிக்கொண்டார். ஒடிந்த புல்லையும் குரங்கின் கூச்சலையும் படிக்கக் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு இப்படிப்பட்டவர்களிடம்தான். இந்த வீரனின் அறிவு கடன் வாங்கியது. கடன் கொடுத்தவர் பெயர் கணக்கில் இருக்கிறது.

நாய்க்கும் இங்கே இடமுண்டு. கும்மளாபுரத்துச் சிறுத்தை நாற்பது பேருக்கு மேல் கொன்றதாக ஆண்டர்சன் எழுதுகிறார். அந்த வேட்டையின் இரவில் அவருக்குத் துணையாக வந்து ஒண்டுவது ஒரு தெருநாய். சிறுத்தை நெருங்குவதை மனிதக் காதுகளுக்கு முன்பே உணர்ந்து உறுமியது அதுதான். 'நிப்பர்' என்ற பெயரோடு அது பெங்களூர் வீட்டுக்கே குடிவந்துவிட்டது. ஜாக் லண்டனின் ஆள் நாயின் எச்சரிக்கையைப் புறக்கணித்துச் செத்தான். ஆண்டர்சன் கேட்டார், பிழைத்தார்.

கல்லில் நின்ற வீரர்கள்

ஆண்டர்சன் அலைந்த மண்ணுக்கு இந்த மாதிரி வீரன் புதியவனல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் நடுகற்களுக்குப் பேர்போனவை. ஆநிரை மீட்டுச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன் ஆகியோருடன், புலியோடு மல்லுக்கட்டி மடிந்தவனுக்கும் அங்கே கல் உண்டு. புலிக்குத்திப்பட்டான் கல் என்பார்கள். ஒரு கையில் ஆயுதம், எதிரே பாயும் புலி. முகத்தில் வலியின் சுவடே இருக்காது.

பெங்களூர் என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் பதிவானதும் இப்படி ஒரு கல்லில்தான். நகரின் தென்புறத்தில் உள்ள பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கும், ஏறத்தாழ கி.பி. 900ஐச் சேர்ந்த வீரக்கல், பெங்களூரில் நடந்த போரில் இறந்தவனைச் சொல்கிறது. கணினி நகரத்தின் பிறப்புச் சான்றிதழே ஒரு வீரனின் இறப்புச் சான்றிதழ்.

இன்னும் விசேஷமான கல் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆத்தக்கூரில் கிடைத்தது. கி.பி. 949ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த போரைப் பற்றிய தகவல் அதில் உள்ளது. அந்தப் போரில் பராக்கிரமம் காட்டிய மணலேரன், கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டது 'காளி' என்ற வேட்டை நாயை. அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, அதைக் கொன்று தானும் செத்தது. கல் அதற்காக நாட்டப்பட்டது.

நடுகல் வீரனும் பேசமாட்டான். ஆனால் அவன் மௌனமும் ஹெமிங்வே நாயகனின் மௌனமும் ஒன்றல்ல. நடுகல்லில் அவனுக்காக ஊர் பேசுகிறது. யாருடைய மகன், யாருக்காகச் செத்தான், அவன் பிள்ளைகளுக்கு எவ்வளவு நிலம் விடப்பட்டது என்று பல கற்கள் விவரம் சொல்கின்றன. பெண்கள் அழுததையும் விதவையானதையும் பழைய புறப்பாட்டு மறைத்ததில்லை. அமெரிக்க நாயகனுக்கு ஊர் கிடையாது. அவன் வலியை அவனே விழுங்கியாக வேண்டும். சாட்சி வாசகர் மட்டுமே.

விழுங்கியது வெளியே வந்தபோது

விழுங்குவதற்கு விலை உண்டு என்பது ஹெமிங்வேக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. 1924ல் வெளியான 'இந்தியன் கேம்ப்' கதையில் செவ்விந்தியப் பெண் ஒருத்தி பிரசவ வலியில் துடிக்கிறாள். மயக்க மருந்து இல்லை. நிக்கின் அப்பாவான டாக்டர், அவள் அலறல் தனக்குக் கேட்பதே இல்லை, அது முக்கியமில்லை என்கிறார். வேலை வெற்றிகரமாக முடிகிறது. மேல்படுக்கையில் சத்தமே காட்டாமல் படுத்திருந்த கணவனைப் பார்க்கப் போனால், அவன் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்துக்கிடக்கிறான். அலறியவள் பிழைத்தாள். அலறாதவன் போய்விட்டான்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1928ல், ஹெமிங்வேயின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அவரும் டாக்டர். 1961 ஜூலை 2 அன்று ஐடஹோ மாநிலத்துக் கெட்சம் நகரில் மகனும் துப்பாக்கியால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விபத்துகளின் காயங்கள், மது, மனச்சோர்வு, அதற்குக் கொடுக்கப்பட்ட மின்அதிர்ச்சிச் சிகிச்சை எல்லாம் சேர்ந்து அவரை அரித்திருந்தன. தன் பாத்திரங்களுக்கு அவர் விதித்த மௌனம் அவரைக் காப்பாற்றவில்லை.

அடுத்த தலைமுறை அமெரிக்கச் சிறுகதை இந்த ஆளைக் காட்டிலிருந்து இறக்கி வாடகை வீட்டில் குடிவைத்தது. ரேமண்ட் கார்வரின் ஆண்கள் வேலை போனவர்கள், குடிப்பவர்கள், மனைவியைப் பிரிந்தவர்கள். ஹெமிங்வேயின் ஆட்களைப்போலவே அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் இது கம்பீரமான மௌனம் இல்லை. சொல்லத் தெரியாததால் வந்தது. 'வொய் டோன்ட் யூ டான்ஸ்?' கதையில் ஒருவன் கட்டில், மேஜை, விளக்கு என்று வீட்டுச் சாமான் அத்தனையையும் வாசலில் பரப்பி விற்கிறான். ஏன் என்று கடைசிவரை சொல்வதில்லை. வியட்நாம் போருக்குப் போய்வந்த டிம் ஓ'பிரையன் 1990ல் வெளியிட்ட 'தி திங்ஸ் தே கேரீட்' இன்னும் ஒரு படி மேலே போய் உள்விஷயத்தைப் போட்டு உடைத்தது. சிப்பாய்கள் தைரியத்தால் சண்டை போடவில்லை. பயந்தவன் என்று பெயர் வாங்க வெட்கப்பட்டுத்தான் முன்னேறினார்கள், செத்தார்கள். மெக்கோம்பரைத் துரத்திய அதே வெட்கம்.

கரடி கற்றுத்தந்த பாடம்

ஆண்டர்சனின் மிக அதிகம் படிக்கப்பட்ட எழுத்தில் துப்பாக்கி வீரமே இல்லை. மைசூர் அருகே கரும்புத் தோட்டத்தில், கூட வந்த ஒருவர் வீம்புக்கு ஒரு தாய்க்கரடியைச் சுட்டுவிடுகிறார். அனாதையான குட்டியை ஆண்டர்சன் மனைவிக்குப் பரிசாகக் கொண்டுவருகிறார். அது எலி விஷத்தைத் தின்று பிழைக்கிறது, எஞ்சின் ஆயிலைக் குடித்தும் பிழைக்கிறது. பெரிதானதும் வேறு வழியில்லாமல் மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது சாப்பிடாமல் ஏங்குகிறது. இங்கே மனைவியும் ஏங்குகிறார். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப்போனால் கரடி அடையாளம் கண்டுகொண்டு கூத்தாடுகிறது. கடைசியில் மனைவியின் கண்ணீர் ஜெயித்து, கரடி வீடு திரும்புகிறது.

என்.சி.ஈ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் 2006 முதல் பல ஆண்டுகள் இடம்பெற்ற பாடம் இது. ஆட்கொல்லிப் புலிகளின் எதிரியை நாடு முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அறிந்தது ஒரு கரடியின் பாசக் கதை மூலம்தான். கவனித்துப் பார்த்தால் இங்கேயும் அழுகை மனைவியின் பங்கு. எழுதும் கணவர் கேலியும் கிண்டலுமாகத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார். பழைய கட்டளை அவரையும் முழுக்க விட்டுவிடவில்லை. ஆனால் அழுகையைக் கதையின் மையத்தில் வைத்தவரும் அவரே.

பிற்காலப் புத்தகங்களில் வேட்டை குறைந்துகொண்டே வந்து, காடு அழிகிறதே என்ற புலம்பல் கூடியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. புலிகள் காப்புத் திட்டம் 1973ல் தொடங்கியபோது பந்திப்பூர் அதில் இடம்பெற்றது. 1974 ஆகஸ்டில் ஆண்டர்சன் புற்றுநோயால் பெங்களூரில் இறந்தார். வேட்டைக்காரன் நாயகனாக இருக்கும் காலம் சட்டப்படியே முடிந்துபோயிருந்தது.

கன்னடத்தில் மறுபிறவி

முடிந்த ஆளுக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுத்தவர் கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வி. ஆண்டர்சனின் கதைகளை 'காடின கதெகளு' என்ற வரிசையில் அவர் கன்னடமாக்கினார். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்காமல் தம் பாணியில் திரும்பச் சொன்னார். மூடிகெரே காபித் தோட்டத்தில் வாழ்ந்து, பறவைகளையும் பூச்சிகளையும் பின்தொடர்ந்து எழுதிய தேஜஸ்விக்குத் துரையின் வீரத்தைவிட ஊர்மக்களின் குறும்பு பிடித்திருந்தது. 'முனிசாமி மத்து மாகடி சிறத்தே' என்று ஒரு தொகுதியின் தலைப்பிலேயே வேட்டைக்கு ஆசைப்பட்ட பெங்களூர்க் கனவான்களிடம் பணம் கறந்த தில்லுமுல்லு வழிகாட்டி முனிசாமி ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் ஆண்டர்சனைப் படிக்காத கன்னட வாசகர்கள் ஏராளமானோர் அவரைத் தேஜஸ்வி மூலமே அறிவார்கள். 2007ல் இறந்த தேஜஸ்வியின் அந்தப் புத்தகங்கள் இன்றும் பெங்களூர்ப் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன.

தமிழில் வழி வேறு. ஜிம் கார்பெட் தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிக'ளாக வந்தார். ஹெமிங்வேயின் கிழ மீனவர் ச.து.சு. யோகியார் மூலமும் பின்னாளில் எம்.எஸ். மூலமும் தமிழ் பேசினார். ஹெமிங்வேயை விரும்பிப் படித்த ப. சிங்காரம் 1972ல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில், உணர்ச்சியை எள்ளலால் மூடிக்கொள்ளும் பாண்டியனைப் படைத்தார். தமிழில் அந்த வகை நாயகனுக்கு நிகர் இன்னும் வரவில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் தமிழ்க் காடுகளை இவ்வளவு எழுதிய ஆண்டர்சன், கன்னடத்தில் கிடைத்ததைப் போன்ற ஒரு பெரிய எழுத்தாளரின் கையைத் தமிழில் பெறவில்லை.

பைராவின் காட்டுக்கோ விபரீதமான அடுத்த அத்தியாயம் காத்திருந்தது. காட்டைப் படிக்கத் தெரிந்த இன்னொரு கள்ள வேட்டைக்காரன் அதை ஆண்டான். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்படும்வரை வீரப்பனின் மீசையும் பேட்டிகளும் இரண்டு மாநிலத்துப் பத்திரிகைகளுக்குத் தீனி போட்டன. தனி ஆண், துப்பாக்கி, காடு என்ற மூன்றும் சேர்ந்தாலே காவியம் பாடக் கிளம்பிவிடும் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

புலி வந்தால் இன்று

ஆண்டர்சன் முதல் புத்தகத்தில் ஒரு கொலைகாரச் சிறுத்தையின் களமாக எழுதிய ஜாலஹள்ளியில் இன்று மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனால் சிறுத்தைகள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. 2016 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, குந்தலஹள்ளிப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு சிறுத்தை நுழைந்தது. மணிக்கணக்கில் நடந்த போராட்டத்தில் பலர் காயமடைந்தார்கள். வனவிலங்கு ஆய்வாளர் சஞ்சய் குப்பியை நீச்சல்குளத்தின் அருகே அது கடித்துக் குதறியது தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. சிறுத்தையை மயக்க மருந்து செலுத்திப் பிடித்து பன்னேர்கட்டாவுக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அது அங்கிருந்தும் தப்பித்துவிட்டது. பழைய கதை என்றால் கடிபட்டவர் துப்பாக்கியோடு பழிவாங்கக் கிளம்பியிருப்பார். குப்பி குணமாகித் திரும்பிச் சிறுத்தைகளை ஆராய்வதைத் தொடர்ந்தார். 2021ல் அவற்றைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அதே ஆண்டு சீகூர் பீடபூமியில் உள்ள மசினகுடி நாட்டின் கவனத்தை இழுத்தது. எம்.டி.டி.23 என்று எண்ணிடப்பட்ட புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டு, வேட்டையாட உத்தரவும் போடப்பட்டது. உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கும்கி யானைகள், டிரோன்கள், மோப்ப நாய்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்கள் என்று 21 நாட்கள் நீண்ட தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டு மைசூருக்கு அனுப்பப்பட்டது. காலடி பார்த்துத் தேடியவர்களில் முன்னால் நடந்தவர்கள் அந்தக் காட்டுப் பழங்குடியினரான வேட்டைத் தடுப்புக் காவலர்கள். காயம்பட்டுப் புதரில் பதுங்கியிருக்கும் புலியை நோக்கி, சுட்டுத் தள்ளும் அனுமதியில்லாமல் நடப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை ஆண்டர்சன் இருந்திருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பார்.

அவர் பெயரை வைத்துக்கொண்டு ஓசூரில் இயங்கும் கென்னத் ஆண்டர்சன் நேச்சர் சொசைட்டி இப்போது அதே காடுகளில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி விலங்குகளைக் கணக்கெடுக்கிறது. அவர் துப்பாக்கியோடு திரிந்த நிலத்தின் பெரும்பகுதி 2014ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்திலும், 2022ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயத்திலும் சேர்ந்துவிட்டது.

கலங்காத ஆணைப் புத்தகத்தில் இன்றும் ரசிக்கலாம். இருட்டில் சருகு சரசரக்கும்போது ஏற்படும் சிலிர்ப்புக்கு வயதாவதில்லை. ஆனால் காட்டுக்கு இன்று தேவைப்படும் ஆள், பயத்தை ஒப்புக்கொள்பவன், நாய் உறுமினால் நின்று கேட்பவன், கூட்டத்தோடு நடப்பவன், சுடாமல் திரும்பத் தெரிந்தவன். அவனைப் பற்றிய கதைகளைத்தான் இன்னும் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. எழுதினால், பைராவின் பேரப்பிள்ளைகளே எழுதட்டும். காட்டு வழி அவர்களுக்குத்தான் தெரியும்.